கண்ணனூர்ப் போருக்குக் கொடி தைத்தல்

மேசைமேல் நடக்கும் மினியேச்சர் போர் விளையாட்டில் படைவீரனின் முகம் யாருக்கும் தெரிவதில்லை. 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உலோகப் பொம்மையில் தலை ஒரு மிளகளவுதான். எதிரெதிரே நிற்கும் இரண்டு படைகளில் எது யாருடையது, அரசன் எந்தப் பிரிவில் நிற்கிறான் என்பதையெல்லாம் ஆட்டக்காரர் கொடியைப் பார்த்தே அறிகிறார். 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகள் அதிகாரிகளின் பயிற்சிக்கானவை; அதற்கு வரைபடமும் கட்டைகளும் போதும், கொடி தேவைப்படவில்லை. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது அது பொம்மைச் சிப்பாய்களின் விளையாட்டாகிவிட்டது. பின்னர் வரலாற்றில் நடந்த போர்களையே மேசையில் நடத்தத் தொடங்கியவர்கள் சீருடையையும் கேடயத்தையும் கொடியையும் சான்று பார்த்துத் தீட்டலானார்கள். நெப்போலியன் காலத்துப் படைகளுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பட்டாளக் கொடிகள் பல அருங்காட்சியகங்களில் துணியாகவே இருக்கின்றன. ஐரோப்பாவில் குலச்சின்ன முறை உருவான 12ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போனால்தான் தொல்லை தொடங்குகிறது.

ஜெர்மானிய நிலம் இதற்கு நல்ல உதாரணம். கோர்வை மடத்துத் துறவி விடுகிண்ட் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய சாக்சன் வரலாறு, பழைய சாக்சன்களின் கொடியில் சிங்கமும் டிராகனும், அவற்றுக்கு மேலே பறக்கும் கழுகும் இருந்ததாகச் சொல்கிறது. 955இல் லெக்ஃபெல்டில் ஹங்கேரியரை வென்ற முதலாம் ஓட்டோவின் படைக்கு முன்னால் தேவதூதன் உருவம் தாங்கிய கொடி சென்றது என்பதும் அவர் தரும் செய்தியே. சங்க்ட் காலன் மடத்தின் 9ஆம் நூற்றாண்டுத் தங்கச் சங்கீத ஏட்டில், காற்றுப் புகுந்து உப்பிய டிராகன் வடிவத் துணியைக் கம்பில் ஏந்திச் செல்லும் குதிரைவீரனின் ஓவியம் இருக்கிறது. இரண்டு மூன்று வாக்கியங்கள், ஓர் ஓவியம். பல பொம்மைப் படைகளின் கொடிகள் இந்த அளவு சான்றின்மீதுதான் நிற்கின்றன. மற்றதெல்லாம் தீட்டுபவரின் துணிச்சல்.

தமிழ்நாட்டில் இதே வேலைக்கு ஒரு களம் தேடினால், அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற மண்ணச்சநல்லூரை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மண்ணச்சநல்லூர் வட்டத்திலேயே சமயபுரத்தை ஒட்டிக் கண்ணனூர் இருக்கிறது. கல்வெட்டுகளில் இது கண்ணனூர்க் கொப்பம். 1054இல் சோழன் முதலாம் ராஜாதிராஜன் யானைமேல் இறந்த கொப்பம் வேறு. அது கன்னட நாட்டில் இருந்தது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் பிழை இன்றும் நடக்கிறது. சோழ அரசு தளர்ந்த 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராஜராஜனுக்கு உதவ வந்த ஹொய்சளர் காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டனர். சோமேசுவரன் கண்ணனூரைத் தன் தலைநகராக்கி, விக்கிரமபுரம் என்ற பெயரையும் சூட்டினான். அவன் எழுப்பிய பொய்சளேசுவரர் கோயில் மக்கள் வாயில் போஜீசுவரர் ஆகி இன்றும் நிற்கிறது. 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டுப் பிடித்தான்; கர்நாடக அரசனிடமிருந்து ஸ்ரீரங்கத்தை மீட்டதையும், அரங்கனுக்குப் பொன்னை வாரி வழங்கியதையும் ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டு பெருமையாகப் பேசுகிறது. 1342இல் அதே கண்ணனூரில் மதுரைச் சுல்தானும் ஹொய்சளன் மூன்றாம் வல்லாளனும் மோதினர். 1371இல் விஜயநகரத்தின் கோபண்ணர் அரங்கனின் திருமேனியை மீண்டும் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தார். இதே வட்டத்துத் திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த சுவஸ்திகக் கிணறு இருப்பதையும் சேர்த்தால், பல்லவரின் எருது, சோழரின் புலி, பாண்டியரின் மீன், ஹொய்சளரின் புலிகொல்லி வீரன் சளன், விஜயநகரத்தின் பன்றி ஆகிய ஐந்து சின்னங்களும் ஒரே வட்டத்துக்குள் ஆட்சி செய்திருக்கின்றன.

இந்தச் சின்னங்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுச் சான்று ஜெர்மானியச் சான்றைவிட மிக வளமானது. சோழரின் புலி எப்படி இருந்தது என்று ஊகிக்கத் தேவையே இல்லை. அரசு ஆணை பெற்ற வெண்கல வார்ப்பே கையில் இருக்கிறது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வளையத்தில் முதலாம் ராஜேந்திரனின் முத்திரை கோக்கப்பட்டுள்ளது. புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தபடி, முன்கால் ஊன்றி, பின்கால் மடக்கி. அதன் எதிரே இரண்டு மீன்கள். கீழே வில். இருபுறமும் விளக்குகள், மேலே வெண்கொற்றக் குடையும் இரட்டைச் சாமரமும். சுற்றிலும் வடமொழியில் அரசாணை வாசகம். இப்போது லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஆனைமங்கலம் செப்பேட்டு முத்திரையும் இதே மரபில் வந்ததுதான். உத்தம சோழனின் காசில் புலியும் மீனும் இருக்கின்றன. கங்கைகொண்ட சோழன் என்று பெயர் பொறித்த காசுகளில் வில்லும் சேர்ந்துகொள்கிறது.

முத்திரையில் மீனும் வில்லும் ஏன் வந்தன என்பது வெளிப்படை. பாண்டிய நாடும் சேர நாடும் தனக்குக் கீழே என்று சோழன் ஒவ்வொரு ஆணையிலும் அறிவிக்கிறான். ஆனால் ஆணையைப் படிப்பவர் முத்திரையைக் கையருகே வைத்துப் பார்க்கிறார். அதில் பத்துப் பொருள்கள் இருந்தாலும் தெரியும். போர்க்களத்தில் புழுதிக்கும் யானைக்கும் நடுவே கொடி தொலைவிலிருந்து தெரிய வேண்டும். முத்திரையை அப்படியே துணியில் எடுத்து ஒட்டும் பொம்மைக்காரர், கையெழுத்து இடும் பொருளையும் கூப்பிடும் பொருளையும் ஒன்றாக்கிவிடுகிறார். இலக்கியமும் இதற்கு எதிராகவே பேசுகிறது. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய ஜெயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியின் முற்பகுதியில் பிற அரசர்களின் கொடிகளை அடுக்குகிறார்: பன்றி, மேழி, மான், யாளி, வீணை, வில், கெண்டை. அவை எல்லாம் தாழ, சோழனின் புலிக்கொடி மட்டும் உயர்கிறது. ஒரு கொடிக்கு ஒரு சின்னம் என்பதுதான் அந்தப் பட்டியலின் இலக்கணம். பன்றி சாளுக்கியருடையது, வில் சேரருடையது, கெண்டை பாண்டியருடையது; மேழியை உழவர் அமைப்பான சித்திரமேழிப் பெரியநாட்டாரின் கல்வெட்டுப் பலகைகளிலும் காணலாம். ஆகவே சோழர் படைக்குப் புலி மட்டும் தீட்டிய கொடியே சரியான தேர்வு. மூன்று சின்னமும் சேர்ந்த கொடி வேண்டுமென்று அடம்பிடிப்பவர் அதை அரசனின் யானைக்கு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

கவிஞர் சொன்னது கவிதை என்று ஒதுக்குபவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திரனின் (1063–1070) மெய்க்கீர்த்தி கூடல்சங்கமத்தில் சாளுக்கியரிடமிருந்து பறித்தவற்றைக் கிட்டத்தட்டக் கிடங்குக் கணக்கு போலவே எழுதுகிறது. அது கரூர்க் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. கண்ணனூரிலிருந்து காவிரியை ஒட்டி மேற்கே போனால் சென்றடையும் தொலைவுதான். சங்கு, குடை, எக்காளம், முரசு, மேற்கட்டி, வெண்சாமரம், பன்றிக்கொடி, மகரதோரணம், புஷ்பகம் என்ற பெண் யானை. இந்தப் பட்டியலில் கொடிக்கு என்ன இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். அது முதலிலும் இல்லை, முடிவிலும் இல்லை. அரசனின் பிற அடையாளங்களோடு ஒன்றாகக் கிடக்கிறது. ஐரோப்பியப் பட்டாளத்தில் கொடியை இழப்பதே பேரிழிவு. இங்கே குடை, முரசு, பட்டத்து யானை ஆகியவற்றின் இழப்பும் அதற்குச் சமம். சங்கப் பாடல்களில் பகைவரின் முரசைக் கவர்வது எத்தனை பெரிய வெற்றி என்பதைத் தமிழ் படித்தவர் அறிவர். மேசைமேல் சோழ அரசனை நிறுத்துபவர் நான்கு கொடிகளைக் குறைத்து ஒரு வெண்குடையைச் சேர்த்தால் படை அதிக நம்பகமாகும்.

இங்கே ஒரு நிகழ்கால இடையூறும் உண்டு. இன்று ‘சோழர் கொடி’ என்று கேட்டால் கிடைப்பது சிவப்புத் துணியில் மஞ்சள் புலி பாய்கிற படம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950களில் வாரந்தோறும் வந்த காலத்துச் சித்திரங்களிலிருந்து 2022, 2023 திரைப்படங்கள் வரை சோழர் காலத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசை பல படங்களை உண்டாக்கியிருக்கிறது. அவற்றின் அழகில் குறையில்லை. ஆனால் முத்திரையின் புலி பாயவில்லை. அது அமர்ந்திருக்கிறது, அதற்கு மேலே குடை பிடித்திருக்கிறார்கள். அரியணையில் இருக்கும் அரசனுக்குரிய தோரணை அது, வேட்டைக்குரியதல்ல. பொம்மைக் கொடியில் உட்கார்ந்த புலியைத் தீட்டினால் பார்ப்பவர் பலர் தவறு என்பார்கள். தீட்டியவர் விளக்கம் சொல்லத் தயாராக இருக்க வேண்டியதுதான்.

பிரிவுக்கு ஒரு கொடி என்ற எண்ணமும் வெளியிலிருந்து வருவதே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் பிறவற்றிலும் சோழப் படைப்பிரிவுகளின் பெயர்கள் நிறைய இருக்கின்றன. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுபது அளவில் கணக்கிட்டார். மும்முடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர், பராந்தகக் கொங்கவாளர் என்று அரசனின் விருதுப்பெயரைத் தாங்கிய கம்பீரமான பெயர்கள். இவற்றைப் பார்த்ததும் ஆளுக்கொரு வண்ணக் கொடி தைக்கக் கை துடிக்கும். ஆனால் இந்தப் பெயர்கள் கல்வெட்டில் வருவது விளக்கு எரிக்கக் கொடுத்த நிவந்தம், பொறுப்பேற்ற பணம் போன்ற கணக்குகளில். கொடியைப் பற்றிய பேச்சு அங்கே வர இடமில்லை. ரெஜிமெண்டுக்குத் தனிக்கொடி என்ற ஒழுங்கு ஐரோப்பாவிலேயே பிற்காலத்தில் வந்தது. அதை 11ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக்குக் கொண்டுபோவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பாண்டியருக்கு வேலை எளிது. மீன் அவர்களின் காசுகளில் ஏராளம். இரண்டு கயல்கள் எதிரெதிரே நிற்க, நடுவே செண்டு இருக்கும் சின்னம் பாண்டியர் திருப்பணி செய்த கோயில்களின் கூரைக்கற்களில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சுந்தர பாண்டியன் கண்ணனூரை வளைத்தபோது அவன் பக்கம் மீன்கொடி பறந்தது என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம். ஹொய்சளர் பக்கம்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பேலூரிலும் ஹளேபீடிலும் கோயில் சிற்பங்களில் சளன் ஒரு விலங்கோடு போரிடுகிறான். ஹொய்சளரின் குலக் கதைப்படி அது புலி, சிற்பத்தில் சிங்கம் போலவும் தோன்றும். 1116இல் விஷ்ணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலக்காட்டைப் பறித்த பிறகே இந்தச் சின்னம் பரவியது, வீழும் விலங்கு சோழப் புலியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். புலியைக் கொன்ற குலம் புலிக்கொடிக்காரனைக் காப்பாற்ற வந்து அவன் நாட்டிலேயே கோட்டை கட்டிக்கொண்டது, கண்ணனூர் வரலாற்றின் சுவையான முரண். ஆயினும் கற்றளியில் நிற்கும் முழுச் சிற்பத்தைத் துணிக்கு மாற்றும்போது அது அனுமானம் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு உடல்கள், ஒரு கத்தி, திருகிய கழுத்து எல்லாம் கொண்ட உருவம் கொடியில் மங்கலாகவே தெரியும். பன்றிக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சாளுக்கியரின் பன்றியும் 14ஆம் நூற்றாண்டில் வந்த விஜயநகரத்தின் பன்றியும் ஒன்றல்ல. பின்னதன் முன்னே வாளும், மேலே சூரியசந்திரரும் உண்டு.

இனி 1342. மேசையில் நடத்திப்பார்க்கத் தகுந்த போர் இதுவே; காரணம், பயணி இபின் பதூதா இதை எழுதிவைத்திருக்கிறார். போர் நடந்தபோது அவர் அங்கே இல்லை. சில காலம் கழித்து மதுரைக்கு வந்தவர். ஆனால் சுல்தான் கியாசுதீன் தாமகானியின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள் என்பதால் அரண்மனைச் செய்தி அவருக்கு நேராகக் கிடைத்தது. அவர் ‘குப்பான்’ என்று எழுதும் ஊரைக் கண்ணனூர்க் கொப்பம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். எண்பது வயது வல்லாளன் கோட்டையை மாதக்கணக்கில் வளைத்திருந்தான். உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. சரணடையுமுன் சுல்தானிடம் கேட்டுக்கொள்ள உள்ளிருந்தோர் பதினான்கு நாள் தவணை பெற்றார்கள். செய்தி கேட்ட சுல்தான் சுமார் ஆறாயிரம் பேரோடு புறப்பட்டான். முன்னணியில் சென்ற வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டனர். சாகத் துணிந்தவன் என்பதற்கு அது அடையாளம். நண்பகல் ஓய்வில் முற்றுகைப் படையின் குதிரைகள் மேய்ச்சலில் இருந்த நேரம் அவர்கள் பாய்ந்தார்கள். முகாமில் இருந்தவர்கள் வந்தது கொள்ளைக்கூட்டம் என்று நினைத்து ஒழுங்கில்லாமல் எதிர்கொண்டார்கள். பின்னாலேயே சுல்தானின் படை வந்துவிட்டது. வல்லாளன் பிடிபட்டான், செல்வம் பறிக்கப்பட்டது, பிறகு கொல்லப்பட்டான். வைக்கோல் திணித்த அவன் தோல் மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்குவதைத் தாம் பார்த்ததாக இபின் பதூதா எழுதுகிறார்.

கொடி ஆய்வாளருக்கு இந்த விவரிப்பு ஒரு பாடத்தையே வைத்திருக்கிறது. வந்தவர்களைக் கொள்ளையர் என்று நினைக்க முடிந்ததென்றால், அந்த முன்னணியின் தலைக்குமேல் அரசுப் படை என்று தூரத்திலிருந்தே காட்டும் கொடி உயர்ந்திருந்ததாகக் கொள்வது கடினம். போரின் போக்கைத் தீர்மானித்த அந்தக் கணத்துக்குப் பொம்மை செய்பவர் கொடியைக் கீழே வைத்துவிட்டு, குதிரைக் கழுத்துகளில் சிறு துணிச்சுருள்களைக் கட்ட வேண்டும். வெறுந்தலையோடு இருக்கும் குதிரைவீரர் பொம்மைகள் கிடைக்காவிட்டால் தலைப்பாகையை அரத்தால் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். பின்னால் வந்த சுல்தானின் பிரிவுக்குக் கொடி கொடுக்கலாம். தில்லி அரசில் முரசும் கொடியும் அமீர்களுக்கு அரசன் வழங்கும் தகுதிச் சின்னங்கள், மதுரை அந்த அரசிலிருந்து பிரிந்ததுதான். அதில் விலங்கு வேண்டாம். மதுரைச் சுல்தான்களின் காசுகளில் உருவங்கள் இல்லை, அரபு எழுத்துகள் மட்டுமே. வெறும் நிறத்துணியோ எழுத்து வரி கொண்ட துணியோ பொருந்தும்.

நிறம் என்று வந்தவுடன் முத்திரையும் காசும் கல்லும் ஒன்றாக வாய் மூடிக்கொள்கின்றன. வெண்கலத்துக்கு வெண்கலத்தின் நிறந்தான். இந்த இடத்தில் துணியின் தொழில்நுட்பமே வழிகாட்ட முடியும். சோழமண்டலக் கரையின் சாயவேர் தரும் ஆழ்ந்த சிவப்பு, அவுரியின் நீலம், மஞ்சள், இரும்புக் காடியால் கிடைக்கும் கறுப்பு, சாயமேறாத வெள்ளை. இந்த ஐந்துக்குள் நின்றால் தவறு சிறிதாக இருக்கும். பளபளக்கும் ஆரஞ்சும் ஊதாவும் பிற்காலச் சாயத் தொழிற்சாலையின் பிள்ளைகள். அவற்றை 13ஆம் நூற்றாண்டுப் படையில் கண்டால் சந்தேகிக்கலாம். துணியில் உருவம் எப்படி வந்தது என்பதற்குக் கோயில் மரபு அருகில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் உற்சவக் கொடியேற்றத்தின்போது கருடன் உருவம் தீட்டிய துணியைக் கொடிமரத்தில் ஏற்றுகிறார்கள். கொடிப்படம் என்பது அதன் பெயர். தேரில் தொங்கும் தொம்பைகளில் நிறத்துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலைப்பாடு இன்றும் நடக்கிறது. தீட்டுவது, வெட்டித் தைப்பது ஆகிய இரண்டு முறைகளில் போர்க்கொடிக்கு எது என்று கேட்டால், மழையில் நனையும் துணிக்கு வெட்டித் தைப்பதே உறுதி. ஆனால் கோயில் கொடியின் வடிவத்தையும் நீளத்தையும் அப்படியே போர்க்களத்துக்குக் கடன் வாங்குவது ஆபத்து. கொடிமரத்துக்கு அளந்த துணியை யானை மேலிருப்பவன் பிடித்துக்கொண்டு போரிட முடியாது. சங்கப் பாடல்களின் கொடிகள் யானைமீதும் தேர்மீதும் அசைகின்றன, பட்டினப்பாலையின் கொடிகள் கோயில் வாயிலிலும் கப்பலின் கூம்பிலும் வாதிடும் அறிஞரின் மன்றத்திலும் கள்ளுக்கடை முன்பும்கூடப் பறக்கின்றன. அத்தனையும் ஒரே வடிவில் இருந்திருக்க வழியில்லை.

சிற்பங்களை நம்புபவர் காலத்தைப் பார்த்து நம்ப வேண்டும். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கி எழும் குதிரைகளும் வீரர்களும் கண்ணைப் பறிப்பவை, புகைப்படத்துக்கு எளிதில் கிடைப்பவை. அதனாலேயே சோழர் படைக்கும் ஹொய்சளர் படைக்கும் அவற்றைப் பார்த்து உடை தீட்டிவிடுகிறார்கள். அவை விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. சுந்தர பாண்டியனின் முற்றுகைக்கும் அந்தக் குதிரைகளுக்கும் இடையே சுமார் முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன.

தொலைவிலிருந்து தன் ஆளை அறிய, கொடியைவிடப் பழைய ஏற்பாடு ஒன்றும் தமிழில் உண்டு. சேரர்க்குப் பனம்பூ, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி என்று மூவேந்தர் படைகளும் சூடிய பூக்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. போரின் கட்டத்துக்கேற்ப வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று பூ மாறுவதும் புறத்திணையின் அடிப்படை. இதை அப்படியே 13ஆம் நூற்றாண்டுக்கு நீட்ட முடியாது. புலவர் மரபு எது, படை வழக்கம் எது என்று பிரிப்பது கடினம். ஆனால் சங்க காலப் படையை அமைப்பவருக்கு இது பெரும் கொடை. ஒவ்வொரு வீரனின் தலையிலும் தூரிகை நுனியால் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ வைத்தால் கொடியே இல்லாமல் இரண்டு படைகள் பிரிந்து நிற்கும். சாக்சன் படையை அமைப்பவருக்கு விடுகிண்ட் இப்படி எதையும் தரவில்லை.

அளவைப் பற்றி ஒரு சொல். 28 மில்லிமீட்டர் பொம்மை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. ஆறடி அகலக் கொடி அதில் மூன்று சென்டிமீட்டர் ஆகும்; 15 மில்லிமீட்டர் பொம்மைக்கு அதில் பாதிதான். இந்த அகலத்தில் உட்கார்ந்த புலியின் பக்கத் தோற்றம் தெளிவாக நிற்கும், இரட்டை மீன் நன்றாக வரும், சளனும் விலங்கும் கறை போல் ஆகிவிடும். மெல்லிய தாளில் இருபுறமும் தீட்டி, பசை காய்வதற்குள் மடிப்பு கொடுத்துவிட வேண்டும். மடிப்பில் புலியின் முகம் மறைந்தால் வருந்த வேண்டாம், காற்றில் உண்மைக் கொடியும் அப்படித்தான் மறைத்திருக்கும். பொம்மையின் அடிப்பலகைக்குக் கீழே, எது சான்று எது ஊகம் என்று பென்சிலால் எழுதிவைப்பது நல்ல வழக்கம். புலி: முத்திரை. சிவப்பு: ஊகம். வடிவம்: ஊகம்.

முத்திரைகளின் படங்கள் அச்சில் வந்துவிட்டன. கோயில் சுவர்களில் உள்ள சின்னங்களுக்கு அப்படியொரு முழுத் தொகுப்பு தேவை. மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்த திருப்பணிகளில் பல கோயில்களின் கல்வெட்டும் புடைப்பும் தேய்ந்துபோயிருக்கின்றன. மண்ணச்சநல்லூர் வட்டத்திலும் ஸ்ரீரங்கம், திருவானைக்கா பக்கமும் கூரைக்கல்லில் கயலோ கோபுர வாயில் சுவரில் பன்றியோ காண நேர்பவர்கள் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, எந்த மண்டபம், எந்தத் திசை என்று குறித்து அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் ஒரு படியைக் கொடுத்துவைக்க வேண்டும்.